சனிக்கோள் சுழலும் பிழைப் பக்கம்

நாள் 611, காலை
சுற்றுப்பாதை நிலையம். பணியில் நான் ஒருவனே: வேதமுத்து. மின்சாரம் சீர். ஆன்டெனா சீர். கீழே செவ்வாய்த் தளத்தில் இருப்பவர்களின் இணையதளம் இங்குள்ள சர்வரில் ஓடுகிறது. கட்டியவன் நான். தவறான முகவரிக்குப் போனால் இதுவரை ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று மட்டுமே வரும். அதற்குப் பதிலாகச் செவ்வாய்த் தளத்தில் வேலை செய்யும் தாட்சாயிணி புதிய பிழைப் பக்கம் ஒன்று அனுப்பியிருக்கிறாள். ஏற்றிவிட்டேன்.

நாள் 614, மதியம்
அதில் இருப்பது இவ்வளவுதான்: “வழி தவறிட்டீங்களா? பரவாயில்ல, நாங்க இருக்கோம்.” கீழே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால், நாம் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். இதைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் வேண்டுமென்று தப்பாக முகவரி அடிக்கிறார்கள். தளத் தலைவர் அவளுக்கு அனுப்பிய செய்தி என் வழியாகத்தான் போனது: “இந்த சைட்லயே உருப்படியான பக்கம் இதுதாம்மா.”
மற்ற பக்கங்களையெல்லாம் எழுதியது யாராம்?

நாள் 619, மாலை
என் பிழைப் பக்கம் தயார். சனிக்கோள் சுழல்கிறது, வளையங்கள் மின்னுகின்றன. பொத்தான் அழகைக் கெடுத்தது, எடுத்துவிட்டேன். அவள் பக்கத்தை இறக்கி இதை ஏற்றினேன். அவளிடம் கேட்கவில்லை. சர்வர் என்னுடையது.
இதுவரை ஒரு பாராட்டும் வரவில்லை.

நாள் 623, பிற்பகல்
கீழே புழுதிப்புயல். தாட்சாயிணியும் ஓட்டுநர் சகாயராஜும் போன ஊர்தி திரும்பவில்லை. குரல் தொடர்பு அறுந்துவிட்டது. பக்கங்கள் மட்டும் சொட்டுச் சொட்டாகப் போய்வருகின்றன.
இப்போதுதான் சர்வர் பதிவைப் பார்த்தேன். அவர்கள் ஊர்தியிலிருந்து தவறான முகவரி. மறுபடி. மறுபடி. பொத்தானைத் தேடுகிறாள். ஒவ்வொரு முறையும் சனிக்கோளை அனுப்பியிருக்கிறேன். மதியத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. நான் வளையத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.
அவள் பக்கத்தை ஏற்றுகிறேன். ஏறு. ஏறித் தொலை

நாள் 624, காலை
பொத்தான் அழுத்தப்பட்டது. மீட்புக் குழு போய்ச் சேர்ந்தது. தாட்சாயிணி உயிரோடு இருக்கிறாள். சகாயராஜ் தன் ஆக்சிஜன் சிலிண்டரைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டிருக்கிறார். குழு கொஞ்சம் முன்னதாகப் போயிருந்தால் அவரும் பிழைத்திருப்பார் என்கிறார் மருத்துவர்.
என்ன நடந்தது என்று தலைவர் கேட்டார். சர்வர் கோளாறு என்றேன்.

நாள் 626
தாட்சாயிணியின் குரல் வந்தது. மூச்சு இன்னும் இரைக்கிறது. “அண்ணா, சர்வர் கோளாறுன்னு சொன்னாங்க. அந்த நேரத்துல நீங்க மட்டும் என் பக்கத்தைத் திருப்பிப் போடலைன்னா நானும் செத்திருப்பேன். இனிமே அதுல உங்க பேருதான் இருக்கணும். எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”
தலைவரும் பேசினார். என்னைப் பாராட்டினார்.
பதில் எழுத உட்கார்ந்தேன். ‘சகாயராஜ் செத்தது என்னால்’ என்று அடித்தேன். அழித்தேன். ‘என் பெயர் வேண்டாம்’ என்று அடித்தேன். அதையும் அழித்தேன்.
‘வேதமுத்துன்னு முழுசாப் போடும்மா.’
அனுப்பிவிட்டேன்.