மாதவிடாய் வகுப்பில் ‘மாதவிடாய்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கோருதல்

அனுப்புநர்
ச. வேண்டா,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு உயர்நிலைப் பள்ளி, நல்லேரிப்பேட்டை,
திருக்கழுக்குன்றம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: வளரிளம் பெண்களுக்கான வகுப்பைப் புரியும்படி நடத்த வேண்டுதல், புரியும்படி நடத்திய இரு மாணவியரிடம் வாங்கிய மன்னிப்புக் கடிதங்களை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மேலே உள்ள என் பெயர் எழுத்துப் பிழையன்று. வரிசையாகப் பெண்ணே பிறந்த வீட்டில் நான்காவதாக வந்ததால் எனக்கு வைக்கப்பட்டது. ஆகவே இம்மனுவை முழுதும் படித்தபின் தாங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன். மறுமனு அனுப்புவேன்.

2. சென்ற ஜூலை மாதம் எங்கள் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவியருக்கு விழிப்புணர்வு வகுப்பு நடைபெற்றது. பையன்கள் மைதானத்துக்கு அனுப்பப்பட்டனர். ஜன்னல்கள் சாத்தப்பட்டன. குழுத் தலைவர் என்ற முறையில் நானும் கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தேன். சிறப்புரையாற்ற வந்த திரு. சுப்புராமன் அவர்கள் மிக நல்ல மனிதர், நல்ல குரல். மொட்டு மலராகும், பிறை முழுநிலவாகும், ஆறு கரைக்குள் ஓட வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினார். “எந்த ஆறு சார், பாலாறா?” என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். “அதெல்லாம் வூட்ல அம்மாவக் கேட்டுக்கோம்மா” என்று சொல்லி அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு புகைப்படம் எடுக்கப்பட்டது.

3. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஜோதிலட்சுமியிடம், வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று மாலையில் விசாரித்தேன். “தோட்டக்கலை ஆபீஸ்லேர்ந்து ஒரு சார் வந்தாரும்மா. செடிக்கு இன்னா உரம் போடணும்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல” என்றாள்.

அப்போதே நான் விளக்கியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். விளக்கத்தான் வாயைத் திறந்தேன். “சோறு போடட்டா?” என்றுதான் வந்தது. நான் பெரியவளானபோது என்னை ஓலைத் தடுப்புக்குள் உட்காரவைத்துக் கையில் ஒரு இரும்புக் கரண்டியைக் கொடுத்தார்கள். எதற்கென்று எவரும் சொல்லவில்லை. சமைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து அடுப்பைத் தேடினேன். என் கல்வி அவ்வளவே என்பதைத் தாழ்மையுடன் தெரிவிக்கிறேன்.

4. செப்டம்பர் மாதம் ஒரு நாள், என் மகளின் பக்கத்து இருக்கை மாணவி ஜெனிட்டாவுக்குக் கணக்குப் பாடவேளையில் முதன்முதலாக உதிரம் வந்தது. அவளுடைய தாயார் மார்கரெட், மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பணிபுரிபவர். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார். தனக்கு ரத்தப் புற்றுநோய் என்றும், இனிப் பிழைப்பதற்கில்லை என்றும் ஜெனிட்டா முடிவு செய்தாள். தன் ஜாமெட்ரி பாக்ஸை என் மகளுக்கு எழுதிவைத்தாள். மதிய உணவில் தன் முட்டையையும் எடுத்து அவள் தட்டில் வைத்தாள். ஜெனிட்டா முட்டையை விட்டுக்கொடுக்கிறாள் என்றால் நிலைமை கடுமைதான் என்று என் மகள் புரிந்துகொண்டாள். அழுதுகொண்டே தின்றாள்.

5. அதன்பின் இருவரும் எவரிடமும் சொல்லாமல், பெண்களுக்கான இலவசப் பேருந்தில் ஏறித் திருக்கழுக்குன்றம் அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். சீட்டு கொடுக்கும் இடத்தில் என் மகள், “என் பிரண்டு செத்துகினு கீறா சார். இதுக்கு எந்த லைன்ல நிக்கணும்?” என்று கேட்டிருக்கிறாள். சீட்டு கொடுப்பவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் செவிலியர் கல்யாணி அவர்களை அழைத்துவந்தார்.

அவர் இருவரையும் உள்ளே உட்காரவைத்து, முதலில் தண்ணீர் கொடுத்து, பிறகு கூறியது: “சாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுக்குப் பேரு மாதவிடாய். வயித்துக்குள்ள கர்ப்பப்பைன்னு ஒண்ணு கீது. மாசாமாசம் அதுல மெத்த மாதிரி ஒண்ணு உண்டாவும். உள்ள கொழந்த இல்லன்னா அது வெளிய வந்துடும். அவ்ளோதான். மொதல்ல கொஞ்ச நாளு முன்னப்பின்ன வரும், பயப்படாத. குளிக்கலாம், ஓடலாம், ஸ்கூலுக்குப் போலாம். ரொம்ப வலிச்சாலோ, ரத்தம் நிக்காம போனாலோ எங்கிட்ட வா.”

நாப்கின் எப்படி வைப்பது, எப்போது மாற்றுவது என்றும் காட்டிக்கொடுத்தார். ஜெனிட்டா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்து, என் மகளைப் பார்த்து, “அப்ப என் முட்டையக் குடுடி” என்றாள்.

6. இதற்கிடையே பள்ளியில் இரு மாணவியரைக் காணவில்லை என்று கூக்குரல் எழுந்தது. சரக்கு வேன் ஓட்டும் என் கணவர் சடையப்பன், தர்பூசணி ஏற்றிய வண்டியோடு ஊர் ஊராகத் தேடி, கடைசியில் பேருந்து நிலையத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்த இருவரையும் கண்டுபிடித்தார். “இன்னாடி ஆச்சு?” என்று கேட்டார். அவர் கேட்டிருக்கக் கூடாது. புதிதாகக் கற்ற உற்சாகத்தில் என் மகள் கர்ப்பப்பை முதல் நாப்கின் வரை பேருந்து நிலையத்துக்கே கேட்கும்படி விளக்கினாள். அவர் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இன்றுவரை அது குறித்து “சரி” என்பதற்கு மேல் பேசியதில்லை. ஆனால் மறுநாள் அவரே கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் நாப்கின் வாங்கிவந்தார். செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, அதைக் கோணிப்பையில் கட்டி எடுத்துவந்ததால், ஆட்டுத் தலை வாங்கிவந்திருக்கிறார் என்று நினைத்து நான் மசாலா அரைக்கத் தொடங்கிவிட்டேன்.

மார்கரெட் அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். “நான் வூட்ல இருந்திருந்தா…” என்று தொடங்கியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருந்திருந்தா மட்டும் இன்னா சொல்லியிருப்பேன்?” என்று என்னைப் பார்த்தார்.

7. மறுவாரம் முதல், மதிய இடைவேளையில் பள்ளித் தண்ணீர்த் தொட்டி அருகே இரு மாணவியரும் மற்றப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினர். கேள்வி கேட்டால் பதில் கிடைத்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, செவிலியரிடம் கேட்டுவந்து சொன்னார்கள். சில தாய்மார்கள் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் சாக்கில் வந்து நின்றோம். நானும் ஒரு சந்தேகம் கேட்டேன். அது இம்மனுவுக்குத் தேவையற்றது.

தலைமை ஆசிரியர் திரு. ஆனந்தன் அவர்கள் இதை ஒழுங்கீனம் என்று கூறித் தடை செய்து, இருவரிடமும் மன்னிப்புக் கடிதம் வாங்கினார். ஜெனிட்டா எழுதியது: “அனுமதி இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு மன்னிக்கவும். செத்துவிடுவேன் என்று தவறாக நினைத்ததற்கும் மன்னிக்கவும். சாகாததற்கும் மன்னிக்கவும்.” இதில் கிண்டல் இருப்பதாகக் கருதி, அவளை மீண்டும் எழுதச் சொன்னார்கள். அவள் கிண்டல் செய்யவில்லை ஐயா. வேறு எதற்கு மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

8. சென்ற ஞாயிறு மாலை ஒரு தலைமை ஆசிரியர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை. எங்கள் ஊரில் ஒரு பள்ளிதான் உள்ளது. அவருடைய மனைவி உறவினர் திருமணத்துக்காகக் கடப்பாக்கம் சென்றிருந்தார். தனியார் பள்ளியில் படிக்கும் மகள் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு, “அப்பா, நீ போ” என்று அழுகிறாளாம். “அந்தப் பசங்க ரெண்டு பேரும்… கொஞ்சம் வர முடியுமாம்மா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டார். மைதானத்தில் அவர் அதட்டினால் பள்ளியே நிற்கும். அந்தக் குரலா இது என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

இருவரையும் அழைத்துச் சென்றேன். ஜெனிட்டா குளியலறைக் கதவில் வாயை வைத்து, “அக்கா, நீ சாவ மாட்ட. நானும் அப்டித்தான் நெனச்சேன்” என்றாள். உள்ளே அழுகை நின்றது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி. இந்தப் பக்கமிருந்து ஒரு பதில். வெகு நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. தலைமை ஆசிரியர் அடுப்படியில் எங்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தார். நாங்கள் மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

9. ஆயினும், மேலிடத்து உத்தரவின்றித் தடையை நீக்க இயலாது என்கிறார். ஆகவே மேலிடமாகிய தாங்கள், அடுத்த வகுப்பைச் செவிலியரைக் கொண்டு நடத்தவும், அதில் மாதவிடாயை மாதவிடாய் என்றே சொல்லவும் உத்தரவிட வேண்டுகிறேன். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அறையில் மின்விசிறி இல்லை. பையன்களுக்கும் ஒரு வகுப்பு தேவை. நாளைக்கு அவர்களும் கோணிப்பையோடு கடைக்குப் போகக் கூடாது. மாணவியர் கழிவறைக்குத் தாழ்ப்பாளும், மூடிபோட்ட குப்பைத்தொட்டியும், குழாய் இருப்பதால் அதில் தண்ணீரும் வேண்டும். தண்ணீர்த் தொட்டி வகுப்பைத் தொடர அனுமதித்து, மன்னிப்புக் கடிதங்களை அப்பிள்ளைகளிடமே திருப்பித்தரச் செய்ய வேண்டும்.

அடுத்து எந்தப் பெண் தன் முட்டையை யாருக்குக் கொடுக்கப் போகிறாள் என்று தெரியாததால், விரைந்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: நல்லேரிப்பேட்டை
நாள்: 14.10.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ச. வேண்டா

மனுவை ஆதரித்துக் கையொப்பமிடுவோர்:
மார்கரெட் (ஜெனிட்டாவின் தாய்)
சடையப்பன் (சரி)
ஆனந்தன் (தலைமை ஆசிரியராக அல்ல, தகப்பனாக மட்டும்)