மாட்டு டாக்டருக்கு ஜாமீன்

1978 மே 3, புதன்

மத்தியானம் மழை. பஸ் நிறுத்தத்தில் செருப்பு வார் அறுந்தது. ஒரு காலை இழுத்து இழுத்தே வார்டுக்கு. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். எல்லாரும் கவனித்திருக்கிறார்கள்.

பதினோராம் கட்டில் அஞ்சலையம்மா. சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட். பால்மரம் வெட்டுறவங்க, ரப்பர் பால் எடுக்கிற வேலை. பித்தப்பை ஆபரேஷன், தையல் சுத்தமாக இருக்கு. இன்றைக்கு மகள் வந்திருந்தாள். கோகிலா. ஒல்லி, எண்ணெய் வைத்து இறுக்கின சடை. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி முடித்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மிஸ்ஸி, உங்க சம்பளம் எவ்ளோன்னு கேக்கலாங்களா?"

இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் கல்யாணம் ஆச்சா என்று கேட்டிருக்கிறார்கள். எந்தக் கோயில், எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். சம்பளம் யாரும் கேட்டதில்லை. கோபம் வரவேண்டியது, வரவில்லை. அந்தப் பிள்ளை கேட்ட விதம் அப்படி. கடையில் சீனி விலை கேட்கிற மாதிரி.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கு. கால்நடை மருத்துவம். அரசாங்கப் படிப்புக் கடன் கிடைக்கும், ஆனால் ரெண்டு பேர் ஜாமீன் போடணும். நிரந்தர அரசாங்க வேலை, குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேலே இருக்கணும். இந்த மாசக் கடைசிக்குள்.

"எஸ்டேட்ல யாருமே இல்லியா?"

"எங்க எஸ்டேட்ல மரம்தான் மிஸ்ஸி நிரந்தரம்."

சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

செருப்பு தைக்கக் கொடுக்கணும். அண்ணிக்கு நூல் வாங்கணும், பச்சை.

மே 4, வியாழன்

வெயில். ஈப்போவில் எங்கள் புந்தோங் பக்கம் முழுக்கப் புழுதி.

சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, அல்லது சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லியிருக்கணும். சாமுவேல் அண்ணன் அரசாங்க ஆபீஸில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா; எல்லாவற்றையும் ரெண்டு தடவை சரி பார்க்கிற ஆள். பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டார்.

"ஜாமீன்னா என்னன்னு தெரியுமா மெர்சி ஒனக்கு? எனக்குத் தெரியும்லா."

தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரியும். கூடவே படித்த சிநேகிதன் ஒருவனுக்குக் கையெழுத்துப் போட்டார். அவன் சிங்கப்பூர் போனவன் திரும்பவே இல்லை. வருஷக்கணக்காக அண்ணன் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் அண்ணி அடகுக்குப் போன தன் வளையலைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"அவன் கூடப் பொறந்தவன் மாதிரி. இது யாரு? வார்டுக்கு வந்த புள்ள."

அண்ணி மெதுவாக, "நாம வீடு வாங்கப் போடுற கடனுக்கும் நீதானே கையெழுத்து போடணும், மெர்சி" என்றார். அதுவும் சரிதான்.

ஜெபத்தில் மனசு நிற்கவில்லை.

மே 5, வெள்ளி

அஞ்சலையம்மாவுக்குத் தையல் பிரித்தோம். வலித்திருக்கும், முகத்தில் காட்டவில்லை.

கோகிலா வந்தாள். இந்த முறை நான்தான் கேட்டேன், வேறு எங்கெல்லாம் முயற்சி செய்தாய் என்று. உட்காரச் சொல்லியும் உட்காராமல் சொன்னாள். மறக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன், ஒரு நாள் யாருக்காவது உதவும்:

— முழு உபகாரச் சம்பளம். திருப்பிக் கட்ட வேண்டாம். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், போனாள். கிடைக்கவில்லை.
— மாநில நிதி. ஒரே தடவை கொடுப்பது. பதில் வரவில்லை.
— தொழிற்சங்கத்தில் அங்கத்தினர் பிள்ளைகளுக்கு ஒரு நிதி. அப்பா அங்கத்தினர். கிடைத்தாச்சு, புத்தகத்துக்குப் போதும்.
— கோயில் கமிட்டி. பஸ் செலவு, பாய், தலையணை.
— கடன். பெரியது அதுதான். வேலைக்குப் போன பிறகு மாசாமாசம் கட்டலாம்.

இத்தனை கதவா. ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. பதினெட்டு வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நர்ஸ் படிப்பில் சேர்ந்தால் படிக்கும்போதே காசு தருவார்கள்.

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. ஈப்போவுக்கு பஸ் ஏறி வந்து ஒவ்வொரு ஆபீஸா ஏறிக் கேட்டேன். படிக்க உதவி இருக்கான்னு."

முதலில் ஏறின ஆபீஸ் ரேடியோ லைசென்ஸ் கட்டுகிற இடமாம். கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் சிரிக்காமல் வெளியே வந்து, எந்தக் கட்டிடம், எந்த மாடி என்று கைகாட்டி அனுப்பினாராம். நான் அந்தக் கட்டிடங்களைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறேன்.

"ஏன் மாட்டு டாக்டர்?"

"மனுசனுக்கு நீங்கள்ளாம் இருக்கீங்களே."

மே 6, சனி

அஞ்சலையம்மா வீட்டுக்குப் போயாச்சு. போகும்போது என் கையைப் பிடித்து, "நாளைக்கு சோறு திங்க வரணும் மிஸ்ஸி. கையெழுத்து போட்டாலும் போடாட்டியும் வரணும்" என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் வாரேன். ஒனக்கு முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல வராது. நான் பக்குவமா சொல்லிடுறேன்."

பச்சை நூல் வாங்கியாச்சு. அண்ணி கேட்ட பச்சை இது இல்லையாம்.

மே 7, ஞாயிறு

எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதிவிடணும்.

கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து அண்ணனின் பழைய மோரிஸ் காரில் கிளம்பினோம். அண்ணன் வெள்ளைச் சட்டை. வழியெல்லாம் அந்தச் சுண்ணாம்பு மலைகள், பிறகு ரப்பர் மரம், மரம், மரம். செம்மண் பாதையில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்துக்கு முன்னால் நிறுத்தினோம். அஞ்சலையம்மா வீட்டில் ஆள் இல்லை. சட்டியில் கோழிக்கறி கொதிக்கிறது, பார்க்க ஆள் இல்லை.

பின்பக்கம் ஒரே சத்தம். மாட்டுக் கொட்டகையில் கூட்டம். பக்கத்து வீட்டுச் செங்கேணி என்கிற அம்மா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரே பசு, முதல் ஈத்து. விடியற்காலையிலிருந்து வலி. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டியிருக்கு, அதற்குமேல் வரவில்லை. மாட்டாஸ்பத்திரிக்கு சைக்கிளில் ஆள் அனுப்பியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை, யார் இருப்பார்கள்.

கோகிலா பாவாடையைத் தூக்கிச் செருகி, சோப்பும் தேங்காயெண்ணெயும் தோள் வரைக்கும் பூசிக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாள். கை உள்ளே. கண் மூடியிருந்தாள். கையால் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்லணும்.

"ஒரு கால் மடங்கி உள்ள கெடக்கு. தல நேரா இருக்கு. உசுரு இருக்கு, வெரல சப்புது."

அண்ணன் என் பக்கத்தில் நின்று இதைக் கேட்டார்.

நானும் பிரசவம் பார்த்தவள்தானே. எத்தனையோ பிள்ளை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் போய் மாட்டின் வயிற்றில் கை வைத்தேன். வலி வருவதும் போவதும் கைக்குத் தெரிந்தது. மனுஷிக்கு வருகிற மாதிரியேதான். "இப்ப வேணாம்," என்றேன். "இருக்கட்டும். இப்ப விடுது. இப்ப தள்ளு." வலி விட்ட நேரத்தில் அவள் கன்றை உள்பக்கம் தள்ளி இடம் பண்ணினாள். மறுபடி வலி வந்தபோது மாடு அவள் கையை நெருக்கியிருக்கணும், உதடு வெளுத்துப் போச்சு. கையை எடுக்கவில்லை. அடுத்த முறை மடங்கின காலின் குளம்பை உள்ளங்கையால் மூடிப் பிடித்தாள். கர்ப்பப்பை கிழியாமல் இருக்கத்தான். யாரும் சொல்லித்தரவில்லை, நான் கேட்டுவிட்டேன் பிறகு. ஒரு தடவை மாட்டாஸ்பத்திரி ஆள் செய்யும்போது பார்த்தாளாம்.

காலைத் திருப்பிவிட்டாள்.

"கயிறு. யாராவது ரெண்டு பேரு புடிங்க. நான் சொல்றப்ப மட்டும் இழுங்க. கீழ்ப்பக்கமா."

கன்றின் ரெண்டு காலிலும் கயிற்றைக் கட்டினாள். ஒரு முனையை அவள் அப்பா பிடித்தார். இன்னொரு முனையை யார் பிடித்தார்கள் என்று பார்த்தால், எங்கள் சாமுவேல் அண்ணன். பாலிஷ் போட்ட ஷூ சாணியில் புதைந்து நிற்க.

"இழுங்க. நிறுத்துங்க. சார், நிறுத்துங்க. இப்ப இழுங்க."

ஆபீஸில் பத்துப் பேரை அதட்டுகிறவர். பேசாமல் இழுத்தார், பேசாமல் நிறுத்தினார்.

வந்தது. மொத்தமாக, ஒரே வழுக்கலில், அண்ணன் கால்மேலேயே. மூச்சு இல்லை. கோகிலா வாயில் விரல் விட்டுச் சளியை வழித்தாள், ஒரு வைக்கோலை எடுத்து மூக்குக்குள் விட்டாள். ஒன்றும் இல்லை. மறுபடி விட்டாள். கன்று தும்மியது.

மாடு மட்டும் ஒரு மாதிரி அடித்தொண்டையில் முனகியது. நான் லேபர் ரூமில் எத்தனையோ முறை நின்ற அதே அமைதி. ஆனால் அங்கே எனக்கு வேலை இருக்கும், கட்ட வேண்டியது, வெட்ட வேண்டியது. இங்கே வெறுமனே நின்று பார்க்கக் கிடைத்தது. ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல. பக்கத்தில் செங்கேணியம்மா, "ஆமா தாயி" என்றார்.

சோறு தின்றோம். கோழி கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. அண்ணன் கோகிலா அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை ரசம் வாங்கினார். பக்குவமாகச் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. திரும்பும் வழியில் சீமோர் ஊரைத் தாண்டும்போது மட்டும், "வெரல சப்புதுன்னு சொல்லிச்சே அந்தப் புள்ள," என்றார்.

மே 8, திங்கள்

மூட்டமான வானம். தோள் வலி. வார்டில் மூன்று புதுக் கேஸ்.

நான் ஜாமீன் கையெழுத்துப் போடுவது என்று முடிவு. இன்னொரு ஆள் வேண்டுமே. நர்ஸ் விடுதியில் ரெண்டு பேரிடம் கேட்டேன். ஒருத்தி புருஷனைக் கேட்கணுமாம். இன்னொருத்தி சிரித்தாள்: "மாட்டுக்கா?"

மாட்டுக்குத்தான்.

மே 10, புதன்

அண்ணி சொன்னது: அண்ணன் ரெண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. ஷூவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"இன்னொரு ஆள் கெடச்சாச்சா?"

"இல்ல."

"நான் போடுறேன்."

அண்ணி கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். நானும்தான். அண்ணன் எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் பய ஓடிட்டான். அதனால கேக்குற எல்லாரும் ஓடுவாங்கன்னு இத்தன வருசமா இருந்துட்டேன். இந்தப் புள்ள ஓடாதும்மா. கை உள்ள மாட்டிக்கிட்டு நசுங்குறப்பவே ஓடலியே."

அண்ணி தட்டை வைத்தார். "வீட்டுக் கடன் ஒரு வருசம் தள்ளிப் போகட்டும்," என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே இல்லை.

மே 12, வெள்ளி

அரை நாள் லீவு. ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட, சத்தியப் பிரமாணம் வாங்குகிறவரின் ஆபீஸ், மாடிப்படி செங்குத்து. கோகிலா, அவள் அப்பா, அண்ணன், நான். அவள் அப்பா வேட்டி கட்டாமல் யாரிடமோ வாங்கின கால்சட்டையில் வந்திருந்தார், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடியே.

அண்ணன் எல்லாத் தாளையும் ரெண்டு தடவை படித்தார். அப்புறம் போட்டார். நான் போட்டேன். மாசாமாசம் சம்பளத்துக்குப் போடுகிற அதே கையெழுத்து. அதற்கு இப்படி ஒரு பலம் இருக்கென்று தெரியாது. ஒரு ஆளைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைக்கிற பலம்.

கீழே வந்து காப்பி குடித்தோம். கோகிலா, "சார், உங்க சட்ட கறை போச்சுங்களா?" என்று கேட்டாள். "போகலம்மா," என்றார் அண்ணன். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

ஜூன் 18, ஞாயிறு

கோகிலா இன்று கிளம்பினாள். கடன் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. மாநில நிதியும் வரவில்லை. சங்கத்துக் காசும் கோயில் கமிட்டி கொடுத்ததும்தான் கையில். முதலில் போகிறேன், பிறகு பார்க்கலாம் என்றாள்.

பஸ் ஸ்டேஷனுக்கு எஸ்டேட் லாரியிலேயே வந்துவிட்டார்கள், முப்பது பேருக்கு மேல் இருக்கும். எல்லாரும் நல்ல துணி உடுத்தி, தலை வாரி. யாரும் அழவில்லை. ஒரு பெரியம்மா பஸ்ஸையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோலாலம்பூர் பஸ்தான் அது, தினமும் ஆறேழு போகும். இன்று எனக்கும் அது வேறு ஏதோ மாதிரி தெரிந்தது.

அஞ்சலையம்மா மெலிந்திருக்கிறார். கொழுப்பு சாப்பிடக் கூடாது என்று மறுபடி சொன்னேன். கேட்கிற மாதிரி தலையாட்டினார்.

ஜூலை 20, வியாழன்

மழை. வார்டு நிறைய ஆள், மூன்று பேருக்குத் தரையில் படுக்கை.

சாயங்காலம் போன். எனக்கென்று சொன்னதும் பயந்து ஓடினேன், அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"அக்கா, நாந்தான் கோகிலா." மிஸ்ஸி போய் அக்கா ஆகிவிட்டேன். "கடன் பாஸாயிருச்சுக்கா. மொதத் தவண வந்துருச்சு. சார்கிட்ட சொல்லிருங்க."

சொல்றேன் சொல்றேன் என்றேன். ஒழுங்காகச் சாப்பிடு என்றேன். பின்னால் ஒரே மோட்டார் சைக்கிள் சத்தம். போனில் போட்ட காசு தீரப்போகுது என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி:

"அக்கா, இன்னைக்கி வகுப்புல மாட்டு இருதயத்தக் கையில குடுத்தாங்க. எனக்கு ரெண்டு கையும் பத்தலக்கா."

லைன் அறுந்துவிட்டது.

தலைமை நர்ஸ் போனில் யாரென்று கேட்டார். கை கழுவப் போகிற மாதிரி போய்க் குழாயடியில் என் ரெண்டு கையையும் சேர்த்து விரித்துப் பார்த்தேன்.