கட்டிலுக்கடியில் இருந்த பிரேக் பேட்

நஜ்மா, தோஹா
சனிக்கிழமை

அன்பு மகள் நாகஜோதிக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே கையும் காலும் முழுசாக, நலமாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை தாயி, ஏன் இப்படி எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும், அதற்குள் பதறாதே. நீ ஓசூரில் நலமா, ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா, பனி விட்டதா, காலை ஷிஃப்டுக்கு வெறும் வயிற்றோடு கம்பெனி பஸ் ஏறாமல் இருக்கிறாயா என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை. போன் கையில் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். நேற்றிலிருந்து வாய்ஸ் மெசேஜில் சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே நிறுத்தி அழித்துவிடுகிறேன். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் பொய்தான் முதலில் வாயில் வருகிறது, ஏழு வாரமாக அப்படிப் பழகிவிட்டது. ரூமில் என் மேல் கட்டிலில் படுக்கிற கலீல் ரஹ்மான் பாய் புதன்கிழமை லீவில் தொண்டிக்குப் போகிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் அவர் கையில் கொடுத்து, இறங்கியதும் உன் ஹாஸ்டல் விலாசத்துக்குக் கூரியர் போடச் சொல்லியிருக்கிறேன். பொட்டலத்தைக் கடிதம் படித்து முடித்த பிறகு பிரி.

ஊர்ச் செய்தி என்றால் உன் அத்தை ஜெயபாரதி இரண்டு தடவை போன் போட்டுவிட்டாள். பரமக்குடிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை, அரசாங்க வேலை, நல்ல குணம், பிள்ளையை எத்தனை நாளைக்கு இன்னும் கம்பெனிக்கு அனுப்புவ என்று என்னைப் பிடித்து உலுக்குகிறாள். அவள் எந்த மாப்பிள்ளையைத்தான் நல்ல குணம் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். உனக்கு இஷ்டம் இருந்தால் போட்டோ அனுப்பச் சொல்கிறேன், இல்லையென்றால், கிடையாது என்பதற்கு இங்கே அரபிக்காரன் சொல்கிற மாதிரி மாஃபி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடு, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே குளிர் போய்விட்டது. காற்று எழும்ப ஆரம்பித்திருக்கிறது, ஹெல்மெட் கண்ணாடியை மூடினாலும் பல்லில் மணல் நறநறவென்கிறது. ஹோட்டலில் பிரியாணி ஆர்டர் குறைவில்லை, வெள்ளிக்கிழமை என்றால் சாப்பிட உட்கார நேரம் கிடையாது. கலீல் பாய் போய்விட்டால் ரூமில் தமிழ் பேச எனக்கு ஆள் இல்லை, மற்ற நாலு பேரும் நேபாளிகள், நல்ல பிள்ளைகள், அவர்களோடு எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்திதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

ஜோதி, உன் அம்மா பஞ்சவர்ணம் இருந்தவரைக்கும் நீயும் நானும் நேராகப் பேசியதே கிடையாது. யோசித்துப் பார். அவள்தான் பேசுவாள். கண்மாயில் தண்ணீர் வந்ததிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, இந்தா அப்பாகிட்ட பேசு என்று போனை உன் கையில் திணிப்பாள். நீ நல்லா இருக்கீங்களாப்பா என்பாய், நான் நல்லா இருக்கேன் தாயி, நல்லா படி என்பேன், அதற்குள் போன் திரும்ப அவள் கைக்குப் போயிருக்கும். அவள் போன இந்த மூன்று வருஷத்தில் போனைக் கை மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை. பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, அவள் திதிக்கு ஒன்று, அவ்வளவுதான் நம் பேச்சு. உன்னைக் குறை சொல்லவில்லை, நான் மட்டும் கூப்பிட்டேனா என்ன. உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று யோசிப்பேன், ஒன்றும் தோன்றாது, போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். ரூமில் ஆளாளுக்குப் பெண்டாட்டி பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள், அது இன்னும் கஷ்டமாக இருக்கும்.

போன வருஷக் கடைசியில் ஹோட்டலில் எனக்கு டெலிவரி பைக் கொடுத்தபோது அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். இந்த வயதில் அப்பா பைக்கில் எப்படி இருக்கிறார் என்று நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த நிமிஷமே வீடியோவில் வந்து, அப்பா முன் சக்கரத்துப் பேட் தேஞ்ச மாதிரி தெரியுது, டார்ச் எடுங்க, கீழ குனியுங்க, இன்னும் குனியுங்க என்று அதட்டினாய். கம்பெனியில் நாள் முழுக்கப் பேட் கனத்தை அளந்து பார்த்து நல்லது இது, கழித்தது இது என்று பிரிக்கிற பிள்ளைக்கு அப்பன் முகமா முதலில் கண்ணில் படும். அன்றைக்கு ஹோட்டல் பின்சந்தில், தார் ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, நீ சொல்லச் சொல்லப் பார்த்தேன். பேட் நடுவில் ஒரு பள்ளக் கோடு இருக்கும், அது மறைகிற நிலைக்கு வந்தால் மாற்ற வேண்டும். பேட் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் தகடு ஆறியிருக்கும்போது நகத்தை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும், நகம் எங்கேயாவது தட்டினால் டிஸ்க் அரிபட்டிருக்கிறது. கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவின் சின்னக் கண்ணாடியில் ஆயில் இறங்கியிருந்தால் பேட் தேய்கிறது என்று அர்த்தம். எல்லாம் சொல்லிவிட்டு, நகம் தட்டுச்சாப்பா என்று கேட்டாய். இருபத்திரண்டு வருஷமாக கல்ஃபில் இருக்கிறேன், என் நகத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை நான் பேட் போட்டோ அனுப்புவேன், ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே ஏழரை மணிக்கு நீ கூப்பிடுவாய். பேட் பேச்சு இரண்டு நிமிஷம்தான். பிறகு வார்டனம்மா பூட்டிய கேட், லைனில் உன் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு வந்த காதல், நீ சமைக்கப் போய் அடிப்பிடித்த ரசம் என்று அரைமணி நேரம் ஓடும். ரசம் எப்படி அடிப்பிடிக்கும் என்று நான் ஒரு வாரம் யோசித்துச் சிரித்தேன். அந்த நேரத்தில் நானும் மற்றவர்கள் மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவில் அங்குமிங்கும் நடப்பேன். ஒருமுறை கலீல் பாய், என்ன அண்ணே, பொண்ணா என்று கேட்டார். ஆமா பாய், விடமாட்டேங்குது என்று அலுத்துக்கொள்கிற மாதிரி சொன்னேன்.

ஏழு வாரத்துக்கு முன்னால் நீ, அப்பா இதுக்கு மேல ஓட்டக்கூடாது, இந்த வாரமே மாத்திருங்க, புதுசு போட்டுட்டா மூணு நாலு மாசத்துக்குக் கவலையில்ல, வாராவாரம் போட்டோவும் அனுப்ப வேண்டாம் என்றாய். நீ என் சிரமம் குறையட்டும் என்றுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. மூணு நாலு மாசம் நீ கூப்பிட மாட்டாய் என்று விழுந்தது. அன்று மாலையே புதுப் பேட் வாங்கிவிட்டேன் தாயி. ஸ்டாக் இல்லை என்று உன்னிடம் சொன்னது பொய். கவரைக்கூடப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் என் பெட்டியில், உன் அம்மா போட்டோ இருக்கிற பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த ஞாயிறு கேட்டாய், கப்பல் வரவில்லையாம் என்றேன். அதற்கடுத்த ஞாயிறு மெக்கானிக் ராஜிக்குக்குக் காய்ச்சல் என்றேன். அவன் இலங்கை காத்தான்குடிப் பையன், இரும்பு மாதிரி இருக்கிறான், அவனுக்குக் காய்ச்சல் வரவழைத்தேன், பிறகு கை சுளுக்க வைத்தேன். நீ பயந்துபோய் புதன்கிழமையும் கூப்பிட ஆரம்பித்தாய். அழுகிற குரலில் திட்டினாய். நீ பயந்தாய், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

நான் உயிரை வெறுத்து ஓட்டவில்லை, அதை மட்டும் நம்பு. இன்னும் கொஞ்சம் பேட் இருக்கிறது, மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் கட்டாயம் மாற்றிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் கணக்குப் போட்டேன். இரண்டு பேட்டில் உனக்கு அனுப்பியதெல்லாம் வெளிப்பக்கப் பேட்டின் போட்டோ. உள்பக்கம் பாத்தீங்களாப்பா என்று நீ இரண்டு தடவை கேட்டாய், பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. அதற்குச் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் தரையில் படுத்துக் கம்பிகளுக்கு நடுவே பார்க்க வேண்டும், என் முட்டிக்கு ஒருதடவை குனிவதே பெரிய வேலை. இரண்டும் ஒரே நாளில் போட்டது, ஒரே மாதிரிதானே தேயும் என்று நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து பிரேக் பிடித்தால் கறகறவென்று ஒரு சத்தம். மணல் காற்று அடிக்கிறதே, மணல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம், வண்டிப் பெட்டியில் நாலு பிரியாணி. நஜ்மாவில் ஹோட்டலுக்கு இந்தப் பக்கம் ரோட்டைக் கடக்க வெள்ளைக்கோடு போட்ட இடத்தில் ஒரு ஃபிலிப்பைன்ஸ் பெண் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன், பார்த்ததும் பிடித்தேன். சத்தம்தான் வந்தது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கையும் மிதித்து, காலையும் ஊன்றி, வண்டி குறுக்கே திரும்பிச் சாய்ந்து நானும் கீழே விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்க்கிறேன், என் சக்கரத்துக்கும் அந்தக் குழந்தை வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து சாரி என்றாள். அவள்தான் சொன்னாள் தாயி, நான் இல்லை. வேறு வீட்டுப் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகிறவள், எது நடந்தாலும் முதலில் சாரி சொல்லிப் பழகியவள், எனக்கு அது தெரியாதா. ஏதோ ஒரு ஊரில் அவளையும் அவள் அப்பன் நினைத்துக்கொண்டிருப்பான். நீ ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதற்காக நான் அவளைக் கொன்றிருப்பேன்.

முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான், மருந்து போட்டாயிற்று. வண்டியில் மறுபடி ஏறவில்லை. ஹோட்டலுக்குப் போன் போட்டு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டு, ராஜிக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். கழற்றிப் பார்த்தால் வெளிப்பக்கப் பேட்டில் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. உள்பக்கத்தில் பேட் என்று ஒன்றே இல்லை, வெறும் இரும்புத் தகடு. பேட்டைத் தாங்குகிற கட்டை நகர்வதற்கான ‘பின்’ என்கிற கம்பி மணல் ஏறி இறுகிப் போய், எல்லா அழுத்தமும் உள்பக்கத்துக்கே போயிருக்கிறது. டிஸ்க்கில் நகத்தை இழுத்துப் பார்த்தேன், உள்பக்கம் நாலு இடத்தில் தட்டியது. ராஜிக் என்னைத் திட்டவில்லை, இதோடயா அண்ணன் இவ்வளவு நாளும் ஓடித் திரிஞ்சீங்க என்று மட்டும் கேட்டான். ரூமுக்கு நடந்து போய்ப் பெட்டியிலிருந்த புதுப் பேட்டை எடுத்து வந்து கொடுத்தேன். கவரில் ஏழு வாரத் தூசி. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கவரைக் கிழித்து வேலையை ஆரம்பித்தான்.

இப்போது பேட் புதுசு, டிஸ்க் புதுசு, இறுகின பின்னைக் கழுவிக் கிரீஸ் போட்டாயிற்று. இன்று காலை நான் தரையில் படுத்து உள்பக்கமும் பார்த்தேன், முட்டி வலித்தால் வலிக்கட்டும். நாளைக்கு நீ கூப்பிடும்போது பேட் மாற்றியாயிற்று என்று மட்டும் சொல்வேன், மற்றதை இந்தக் கடிதத்தில் படித்துக்கொள். பொட்டலத்தில் இருப்பது பழைய பேட் இரண்டும், சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன். எது உள்பக்கம் என்று நான் எழுத வேண்டியதில்லை, உனக்குப் பார்த்ததும் தெரியும். இனிமேல் நான் பார்த்தேன் என்று சொன்னால் பார்த்திருப்பேன். ராஜிக் நாலு மாதத்துக்கு இந்தப் பக்கமே வராதீங்க என்று சொல்லிவிட்டான். ஆகவே நாலு மாதத்துக்கு நீ கேட்கவும் ஒன்றுமில்லை, நான் அனுப்பவும் ஒன்றுமில்லை.

அதனால்தான் கேட்கிறேன் தாயி. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு நான் எப்போதும் போல வராந்தாவில் போனோடு நிற்பேன். பேட்டைப் பற்றி இல்லாமலே கூப்பிடுவாயா. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், என்ன சாப்பிட்டீங்க என்று கேள், உன் அம்மா அப்படித்தான் ஆரம்பிப்பாள். நானும் அதையே திருப்பிக் கேட்கிறேன், அதற்குப் பிறகு தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வைத்துவிடலாம்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன் அம்மா இருந்து வாழ்த்துவதற்கும் சேர்த்து நானே வாழ்த்துகிறேன். ஸ்வெட்டரை வெயில் வந்துவிட்டது என்று தூக்கிப் போடாதே, ஓசூர் காற்றை நம்ப முடியாது. உன் ஸ்கூட்டிக்கும் பிரேக் பார், ஊரார் வண்டிக்கெல்லாம் அளந்துவிட்டு உன் வண்டியை விட்டுவிடாதே. இதைப் படித்து உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கூப்பிட்டுத் திட்டு.

இப்படிக்கு
உன் அப்பா
அழகுமலை