அப்பாவுக்குப் பக்கத்தில் உனக்கு இடமில்லை என்கிறார்கள்

என்னைப் பெற்று, திட்டி, ஆளாக்கிய அம்மாவுக்கு,

நேற்று நம் சபைப் பொதுக்கூட்டம் முடிந்தது. உன் காரியம் தோற்றுப்போனது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, உனக்கும் பிடிக்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காஞ்சிரங்குளத்துப் பக்கம் பெந்தெகொஸ்தேக்காரர்களின் கான்கிரீட் கல்லறையில் நீ கிடக்கிறாய். அங்கே இடம் குறைவு. சில வருடம் கழிந்தால் திறந்து, எலும்பை எடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிட்டு அடுத்த ஆளை வைப்பார்கள். அதற்கு முன்னால் உன்னை எடுத்துவந்து, பாறசாலையில் நம் சபைக் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் குழியில் அவரோடு வைக்க அனுமதி வேண்டும். கண் மூடுவதற்கு முன்னால் நீ என்னிடம் கேட்டதும் அது ஒன்றுதானே?

செயலாளர் எழும்பினார். நீ ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்த அதே தவமணிதான். "உங்க அம்மை மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா ரண்டாமத்தும் ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்க பேரு பதிவேட்டுல கெடையாது. பேரு இல்லாதவங்களுக்குக் கல்லறையும் இல்ல. சட்டமாக்கும்."

"எனக்க அப்பனுக்க குழியில எனக்க அம்மையை வைக்கியதுக்கு ஒனக்க சட்டம் என்னத்துக்குலே?" என்றேன். பொதுக்கூட்டத்தில் 'லே' போட்டது மரியாதை இல்லைதான். பின்வரிசையில் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். எனக்காகத் தூக்கியவர்களை விட எதிராகத் தூக்கியவர்கள் அதிகம்.

ஆத்திரம் அடங்கவில்லை அம்மா. நம் ஆட்கள் கோவில் தெருவில் கால் வைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. பெண்கள் மேல்துணி போட்டதற்காக அடி வாங்கிய ஊர்கள் இவை. அப்போது இதே மிஷன் சபை வந்து என்ன சொன்னது? கடவுளுக்கும் உனக்கும் நடுவில் ஒரு ஆளும் வேண்டாம், வேதத்தை நீயே படி என்றது. படிப்பதற்காகப் பள்ளிக்கூடமும் திறந்தது. அந்த எழுத்து நம் வீட்டுக்கு வந்திருக்காவிட்டால் நான் வாழைக்குலை மொத்தக் கடை வைத்திருக்கமாட்டேன், எவன் தோட்டத்திலோ குலை சுமந்துகொண்டிருப்பேன். அந்த நன்றி எனக்கு உண்டு.

அவர்கள் சொன்னபடியே நீயும் படித்தாய். அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் மடியில் வேதத்தை விரித்து வைத்துக்கொள்வாய். படித்துப் படித்து, தலையில் தெளிப்பது ஞானஸ்நானம் இல்லை, தண்ணீரில் முழுகுவதுதான் என்று உனக்குப் பட்டது. நெய்யாற்றில் இறங்கி முழுகிவிட்டு, ஈரத் தலையோடு நேரே தவமணி வீட்டு வாசலில் போய் நின்றாய். "மக்கா, நான் முழுக்கு எடுத்தாச்சு. ஒளிச்சு வைக்க எனக்கு அறியாது. பேரை வெட்டணுமெங்கில் வெட்டிக்கோ."

வியாபாரம் தெரிந்தவள் அப்படிச் செய்வாளா? பெந்தெகொஸ்தேக்காரர்களின் அந்தத் தகரக் கொட்டகையில் சாயங்காலம் கைதட்டிப் பாடுகிறவர்களில் பாதிப் பேர் காலையில் நம் ஆலயத்தில் இருந்தவர்கள். நம் சபைக்குப் பிடியரிசிக் காணிக்கையும் தவறாமல் கொடுப்பார்கள். கல்லறைக்காகவே பதிவேட்டில் பேரை வைத்திருக்கிறார்கள். நேற்று அவர்களும் எனக்கு எதிராகத்தான் கை தூக்கினார்கள். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே!

படிக்கச் சொன்னவர்களே, படித்ததை நம்பியதற்காக ஒருத்தியை வெளியே தள்ளுவார்களா?

உன் கொட்டகைப் பாஸ்டர் மட்டும் என்ன பெரிய ஆள்? கூட்டத்துக்கு முன்னாலேயே அவரிடமும் போனேன். "எடுத்துக்கிட்டுப் போங்க, தடை இல்ல. ஆனா அங்க அங்கி போட்ட உங்க சபை ஐயர் புத்தகம் பாத்து ஜெபம் வாசிச்சா எங்க ஆளு ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார். "அந்த ஜெபத்துல என்ன தீட்டா இருக்கு பாஸ்டரே?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுச் சுகுமாரன் அண்ணன் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "எடே, ஒங்களுக்கெல்லாம் ஒரே ஏசுதானே?"

"ஒரே ஏசுதான் அண்ணா. குழிதான் வேற வேற."

"எங்க அம்மையை நாங்க சொந்த வீட்டுத் தோட்டத்துல, தெங்கு மூட்டுல வச்சுத் தகனம் செய்தோம். ஆருகிட்டயும் கேக்கல்ல" என்றார். யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம் என்றுதானே நம் ஆட்கள் இந்த வழிக்கே வந்தார்கள்?

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் உன் இளைய மகன் ஜஸ்டின் வேறொரு திட்டத்தோடு இருக்கிறான். "அண்ணா, நம்ம அமரவிளை குடோன் சும்மாதானே கெடக்கு. நம்ம சொந்தக்காரங்க எல்லாம் கூட வருவாங்க. ஒரு போர்டு வச்சு நாமளே சபை தொடங்குவோம். நாம வைக்கியதுதான் சட்டம். அம்மையை மட்டுமில்ல, அப்பனையும் அங்க கொண்டுவரலாம்."

உன்னிடம் மறைப்பானேன், கொஞ்ச நேரம் ஆசைப்பட்டேன். கடை திறந்தே பழகியவனுக்குச் சபை திறப்பது பெரிய காரியமா? குடோனுக்கு நல்ல வழி உண்டு, வண்டி நிறுத்த இடமும் உண்டு. பிறகு, இந்த ரோட்டில் இருக்கும் சபைப் போர்டுகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு கோபம் இருக்கும். ஒவ்வொருவனும் நியாயம் கேட்டுத்தான் வெளியே போயிருப்பான். போன இடத்தில் முதல் வேலையாக அவனும் ஒரு பதிவேடு திறந்திருப்பான். நாளைக்கு என் மகன் எதையாவது படித்து வேறு மாதிரி நினைத்தால், அவனைத் தள்ளச் சட்டம் எழுதுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

"வேண்டாம்லே" என்றேன். அவன் சாப்பிடாமல் போய்விட்டான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் விலகிப் போகமாட்டேன். பேரை வெட்ட அவர்களுக்கு ஒரு காரணமும் கொடுக்காமல், ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் எழும்பி இதையே கேட்பேன். தவமணி மாறினால் அடுத்து வருகிறவனிடம் கேட்பேன். நான் இல்லாமல் உன் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்று பாஸ்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கல்லறையைத் திறக்கிற அந்த நாள் வரும்போது அங்கே நிற்பேன். பொதுக்குழிக்கு உன்னை விடமாட்டேன்.

அன்றைக்கும் இவர்கள் வாசலைத் திறக்காவிட்டால்? உன்னை நம் வீட்டுக்குக் கொண்டுவருவேன் அம்மா. வீட்டில் வைத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
அப்பாவுக்கும் உனக்கும் மூத்த மகன்