படிவத்தில் உன் பெயர்

வெள்ளவத்தை,
ஆவணி 1998

அன்புள்ள ஆறாயிக்கு, பழனிமுத்து சொல்லச் சொல்ல எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி? கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டு எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது, பயப்படாதே.

நான் காவல் இருக்கும் லொட்ஜில் சிவமணி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை தங்கியிருக்கிறாள். கம்பஸில் சர்வதேச அபிவிருத்தி படிக்கிறாள். ஏழை நாடுகள் எப்படி முன்னேறும் என்கிற படிப்பாம். தேயிலைத் தோட்டத்துச் சனங்களைப் பற்றிப் படிவம் நிரப்ப என்னிடம் வந்தாள். வெளிநாட்டுப் பால்மா நம் லயத்து வீடுகளுக்கு வந்த நாள், கிழமை வரை சொன்னேன். எழுத வாசிக்கத் தெரியுமா என்றாள். வெட்கத்தில், புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் தெரியும் என்றுவிட்டேன்.

வழக்கமாக எழுதித் தரும் லொட்ஜ் முதலாளி ஊரில் இல்லை. இந்தக் கடிதத்துக்கு அவளிடமே போக வேண்டியதாயிற்று.

"என்ன ஐயா, தெரியுமெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது கம்பஸுக்குச் சொன்னது புள்ள. இது வீட்டுக்கு."

இதை எழுதும்போதும் சிரிக்கிறாள். படிவத்தில் என் பெயருக்கு நேரே 'தெரியும்' என்பதை வெட்டிவிட்டாள். உன் பெயருக்கு நேரே வெட்ட நான் விடவில்லை. நீதான் முதியோர் வகுப்புக்குப் போகிறாயே! படிவம் கொடுக்க இன்னும் இரண்டு கிழமை இருக்கிறதாம்.

கொஞ்சம் தேயிலைத் தூள் அனுப்பு. கடைத்தூளில் வாசமே இல்லை. கேட்டில் ஆள் வந்துவிட்டது, போகிறேன். பதிலை வழக்கம்போல மயிலம்மாவிடம் சொல்லி எழுத வைக்காதே, ஆறாயி. கோணலாக இருந்தாலும் உன் கையாலேயே எழுது.