இறந்தவர் பெயரில் ஓடும் நாடி

அனுப்புநர்:
ஞானாம்பாள்,
க/பெ. ரெங்கசாமி (காலஞ்சென்றவர்),
கீழத்தாமரங்காடு கிராமம்,
ஒரத்தநாடு வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: இறந்துபோன என் கணவர் பெயரில் வேறு யாரோ ஒருவரின் நாடித்துடிப்பு என் கைப்பேசிக்கு வருவது – அவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் குத்தகைக்கு உழுத நிலத்தின் பட்டா, மறைந்த மிராசுதாரர் பெயரிலேயே இன்னும் கிடக்கிறது. அது தொடர்பான வழக்குக்கு அலைந்துதான் என் கணவர் ரெங்கசாமிக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் மார்பில் ஒரு கருவியை ஒட்டி அனுப்பினார்கள். கம்பி எதுவும் இல்லாமலே அது அவர் நாடியை மருத்துவமனைக்குத் தெரிவிக்கும். எனக்கும் குறுஞ்செய்தி வரும்.

2. கடந்த தை அறுவடையின்போது அவர் காலமானார். கருவியை மருத்துவமனை ஆட்கள் வந்து வாங்கிச் சென்றார்கள். காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய அன்று காலை, "ரெங்கசாமி. நாடித்துடிப்பு 74. நலம்" என்று செய்தி வந்தது. எனக்குப் பயம் வரவில்லை ஐயா, சந்தோஷம்தான் வந்தது. மனுவில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் உண்மை அதுதான்.

3. பிறகு தினமும் வந்தது. காலையில் நாடி ஏறினால், வயலுக்குக் கிளம்பிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது நன்றாக இறங்கிவிடுகிறது. யாரோ படுத்துத் தூங்குகிறார்கள். என் கணவர் பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. கருவியை வேறு யாருக்கோ மாட்டிவிட்டு, பெயரையும் என் எண்ணையும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றுதான் நான் முழுதாக அழுதேன்.

4. மருத்துவமனைக்கு நேரில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்துல உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்காருங்கம்மா" என்றார். பெயரை நீக்க வேண்டுமானால் நோயாளியே வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். இறந்தவர் பெயரில் நிலம் இருப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. நாடி இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

5. கடந்த வெள்ளிக்கிழமை, "ரெங்கசாமி. நாடித்துடிப்பு 152. அவசரம். உடனே அழைத்து வரவும்" என்று வந்தது. நான் யாரை அழைத்துப் போவது? மருத்துவமனைக்குப் போன் செய்து பதறினேன். நோயாளியின் வீட்டுக்கு இப்போதே தகவல் சொல்லிவிடுகிறோம் என்று போனை வைத்தார்கள். உடனே என் கைப்பேசி அடித்தது. எடுத்தேன். அவர்கள்தான்.

6. அன்று மாலை நாடி இறங்கிவிட்டது. நேற்று மறுபடியும் ஏறியது. ஆபத்து என்றால் செய்தி வந்துவிடும் என்று ஏதோ ஒரு வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் வராது.

ஆகவே, அந்தக் கருவி யார் மார்பில் இருக்கிறது என்று கண்டறிந்து, அவர் வீட்டாரின் எண்ணைச் சேர்க்க உத்தரவிடுமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். என் கணவர் பெயரை நீக்கிவிடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த நோயாளியைக் கண்டுபிடிக்கும்வரை எனக்கு வரும் செய்தியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் ஐயா. அவருக்காகப் பதறுவதற்கு இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

இடம்: கீழத்தாமரங்காடு
நாள்: 21.06.2022

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ரெ. ஞானாம்பாள்