ஒரு வாரத்துக்குக் கழற்ற முடியாது

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். வரும்போது பல்லில் போட்டிருக்கும் கிளிப்பை ஒரு வாரம் கழற்றி வைத்துவிட்டு வா. பெண்ணுக்கு ஒரே சித்தி நீ. எல்லாப் படத்திலும் இருப்பாய். நாற்பத்து நாலு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கம்பி தெரியச் சிரித்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? சின்ன வயதில் நான் போட்ட பிளேட்டை, யாராவது வந்தால் கழற்றிச் சோப்பு டப்பாவில் வைத்துவிடுவேனே, அது போலத்தான். ஊர் திரும்பியதும் மாட்டிக்கொள்.

அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் மதியம் படித்தேன். கோபத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றாள். "என் வாய்ல இருக்கற பல்லு அடுத்தவங்களுக்குப் பிரச்சினையாம்" என்றேன்.

நீ போட்டது பிளேட். அண்ணத்தில் உட்காரும், மாட்டலாம், கழற்றலாம். அதன் ஸ்பிரிங் பல்லின் தலையைச் சாய்க்கும், அவ்வளவுதான். என்னுடையது வேறு. ஒவ்வொரு பல்லிலும் பசை வைத்து ஒரு குட்டி உலோகத் துண்டை ஒட்டியிருக்கிறார்கள். அதன் நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் கம்பி. அந்தக் கம்பிக்கென்று ஒரு வளைவு உண்டு. என் கோணல் பற்களுக்காக அதை இழுத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அது தன் வளைவுக்கே திரும்பப் பார்க்கிறது. திரும்பும்போது பல்லையும் கூட்டிக்கொண்டு போகிறது. பல் போகிற பக்கம் எலும்பு கரைகிறது, விட்டு வந்த பக்கம் புது எலும்பு வளர்கிறது. டாக்டரம்மா சொன்னார்: "நான் பல்லைத் தள்ளலைம்மா. எலும்புக்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா வழி கேக்கறேன். அவசரப்பட்டா வேர் போயிடும்."

புது எலும்பு இறுகும் முன் கம்பியை எடுத்தால், ஈறுக்குள் இழுபட்டுக் கிடக்கும் நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். சிகிச்சை முடிந்த பிறகும் பல் நகராமல் பிடித்து வைக்க, படுக்கும்போது ரிடெய்னர் போட வேண்டும். உன் பல் நேராகி மறுபடியும் கோணிப்போனது எதனால் என்று நினைக்கிறாய்? அந்தச் சோப்பு டப்பாவைக் கேள்.

கேமராவைக் கண்டதும், வாயை மூடு என்று நீ மோவாயைத் தட்டிக் காட்டுவாய். நான் வாயை மூடிக்கொள்வேன். இத்தனை வருடத்தில் ஒரு படத்திலும் நான் சிரித்ததில்லை. சம்பந்தி வீட்டாருக்காக இதைக் கழற்ற மாட்டேன். கிளிப்போடு வரலாமா, கூடாதா? அதை மட்டும் எழுது.

தங்கை

பிப்ரவரி 20

தங்கைக்கு,

உன் எலும்புப் பாடத்தைப் படித்தேன். பாதி புரிந்தது, மீதி வெறும் திமிர் என்று புரிந்தது. நீ இல்லாமல் என் பெண் மேடை ஏறுவாளா? கிளிப்போடு வா. படம் எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வாயை மூடிக்கொள்.

சோப்பு டப்பாவை நீ இழுத்திருக்க வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 16

அக்கா,

கல்யாண ஆல்பம் வந்து சேர்ந்தது.

மேடையில் உன் பெண்ணுக்கு ஒரு பக்கம் நீ, மறுபக்கம் நான். அவள் என் காதில், "சித்தி, என் மாமனார் உங்க கிளிப்பையே பாக்கறாரு. அவருக்குப் பல் செட்டு, தும்மினா பறக்கும்" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீ மோவாயைத் தட்டியதைப் பார்த்தேன். மூடவில்லை.

அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. என் கண் சிரிக்கிறது, கன்னம் மேலே ஏறியிருக்கிறது, வாய் மட்டும் மூடியிருக்கிறது. போட்டோக்காரருக்கு மூடிய வாய் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. என்னுடையது கிடைக்காததால் அதே படத்திலிருந்த இன்னொரு முகத்திலிருந்து எடுத்து ஒட்டிவிட்டார். மேலுதட்டு மச்சம்கூட வந்திருக்கிறது. எனக்கு ஏது மச்சம்? அது உன் வாய், அக்கா. யாரைக் கேட்டு என் முகத்தில் கை வைத்தாய்?

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அந்த வாயை என் முகத்தில் பார்த்தபோதுதான், அது எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது என்று தெரிந்தது. உன் முகத்தில் இருந்தவரை அது உன் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். என்னைத்தான் அடக்குகிறாய் என்று இத்தனை காலம் கோபப்பட்டேன். நீ தட்டியது உன் மோவாயை.

அசல் படத்தை அனுப்பு. அது வரும்வரை என் வீட்டு வாசற்படியை மிதிக்காதே.

தங்கை

மே 9

சின்னவளுக்கு,

மச்சத்தை நான் கவனிக்கவில்லை. நீ எழுதிய பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, சித்தி மூஞ்சியில நீங்க உக்காந்திருக்கீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

கம்பியை அழிக்கச் சொன்னது நான்தான். வாயையே மாற்றச் சொல்லவில்லை. அசல் படம் இத்துடன் வருகிறது. எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். சம்பந்தி வீட்டில் ஒருவர்கூட உன் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்னொன்று. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி விசாரிக்கிறாள். ஐம்பத்தொரு வயதில் எலும்பு வழி விடுமா? ரொம்ப வலிக்குமா? அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

அக்கா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

படம் கிடைத்தது. கம்பி பளிச்சென்று தெரிகிறது. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் வயது தடையில்லையாம். பல் கொஞ்சம் மெதுவாக நகரும். ஆரம்பத்தில் சில நாள் வலிக்கும், கடித்துச் சாப்பிட முடியாது. பக்கத்து வீட்டு அம்மாளைச் சனிக்கிழமை காலை இங்கே அனுப்பிவை. கூட நான் போகிறேன். மேலுதட்டில் மச்சம் இருந்தால் வாசற்படியை மிதிக்கலாம்.

சோப்பு டப்பாவை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்.

தங்கை